தேடுகிறவர் கண்ணில் படுவது: புதிய நிறுவனத்துக்கான எளிய எஸ்இஓ

உங்கள் நிறுவனம் தொடங்கி ஓரிரு வருடம் ஆகிறது. பத்துப் பதினைந்து பக்கங்களில் ஒரு வெப்சைட் இருக்கிறது. மார்க்கெட்டிங்குக்கென்று தனி ஆள் கிடையாது. நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் சைட் வருகிறது. விற்கும் பொருளைத் தட்டினால் போட்டியாளர்கள்தான் வருகிறார்கள். இந்த இடத்தில் நிற்பவர்களுக்கான அத்தியாயம் இது.

உதாரணத்துக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் லோகோ அச்சிட்ட டி-ஷர்ட் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம், திருப்பூரில். உங்கள் தொழில் வேறென்றால் பொருளின் பெயரை மட்டும் மாற்றிப் படியுங்கள்.

தியரி இவ்வளவு போதும்: கூகுள் லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததில் வைத்துக்கொள்ளத் தக்கதைத் தன் இண்டெக்ஸில் ஏற்றுகிறது. யாராவது தேடும்போது அந்த இண்டெக்ஸிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. எல்லோரும் வரிசையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். புதிய நிறுவனங்களில் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டில் இருக்கும். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: சாவிகள் யார் கையில்?

சைட்டில் ஓர் எழுத்தைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். சைட் செய்து கொடுத்தவரே டொமைனைத் தன் மெயிலில் பதிந்து வைத்திருப்பது சிறு நிறுவனங்களில் சகஜம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவசரத்தில் நடந்துவிடும். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு, டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய இன்பாக்ஸில் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

1. நிறுவனத்துக்கென ஒரு பொது மெயில் கணக்கு தொடங்குங்கள். அது உங்கள் டொமைனிலேயே இயங்கும் மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும். பிறகு மீட்பதற்கு வழியே இல்லாமல் போகும்.

2. டொமைன், ஹோஸ்டிங், கூகுள் கணக்குகள் எல்லாம் அந்த மெயிலில் இருக்கட்டும். டொமைன் பதிவில் உரிமையாளராக நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

3. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஓடிபி வரும் எண் நிறுவனர் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும்.

4. டொமைனுக்கு ஆட்டோ ரினியூவல் போடுங்கள், காலண்டரிலும் குறித்து வையுங்கள். கார்டு மாறினால் ஆட்டோ ரினியூவல் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

எச்சரிக்கை: வெளியாட்களுக்கு பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். பின்னால் வரும் சர்ச் கன்சோல், வேர்ட்பிரஸ், பிசினஸ் புரொஃபைல் எல்லாவற்றிலும் ஒருவரைத் தனி யூசராகச் சேர்க்க வசதி இருக்கிறது. வேலை முடிந்தால் அவர் பெயரை எடுத்துவிடலாம்.

படி 2: கதவு திறந்திருக்கிறதா?

1. கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். கூகுளிடம் இருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். எண்ணிக்கை துல்லியமாக இருக்காது, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றுமே வரவில்லை என்றால்தான் விஷயம்.

2. வேர்ட்பிரஸ் சைட் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகளை வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். சைட் தயாராகும்வரை அதைப் போட்டு வைப்பார்கள். திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் காணாமல் போன சைட்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

3. டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ கோப்பைத் திறந்து பாருங்கள். எல்லா ரோபாட்டுக்கும் என்ற வரியின் கீழே ‘டிஸ்அலவ்’ என்ற சொல்லும் ஒற்றைச் சாய்கோடும் மட்டும் இருந்தால், மொத்த சைட்டையும் படிக்காதே என்று பொருள். செய்தவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

4. கூகுள் சர்ச் கன்சோலில் சைட்டைச் சேருங்கள். இலவசம். டொமைன் முறையில் சேர்த்தால் கூகுள் ஒரு வரியைத் தரும். அதை டிஎன்எஸ் பகுதியில் டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்க்க வேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் வரிகளில் கை வைக்காதீர்கள். எம்எக்ஸ் வரி அழிந்தால் அலுவலக மெயில் நின்றுவிடும். சரிபார்ப்பு முடிந்த பிறகும் கூகுள் தந்த வரியை அழிக்கக் கூடாது, அழித்தால் அனுமதி போய்விடும்.

5. சைட்மேப் முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுங்கள். வேர்ட்பிரஸ் போன்றவை சைட்மேப்பைத் தாமாகவே உருவாக்கிவிடும்.

6. முக்கியமான நான்கைந்து பக்கங்களைச் சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒவ்வொன்றாகப் போட்டு, இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

‘படித்தோம், இப்போதைக்கு இண்டெக்ஸ் செய்யவில்லை’ என்ற பொருளில் நிலை காட்டினால் தொழில்நுட்பக் கோளாறைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும், அந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று கூகுள் நாசூக்காகச் சொல்கிறது.

தவறாமல் செய்யப்படும் தவறு: ஒரு பக்கம் கூகுளில் வரவே கூடாது என்றால் அதில் ‘நோஇண்டெக்ஸ்’ குறியைப் போட வேண்டும். அதையே ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், கூகுள் உள்ளே வராது, குறியையும் பார்க்காது. வெளி லிங்க் வழியாக அந்த முகவரி இண்டெக்ஸில் ஏறிவிடவும் கூடும். இரண்டில் ஒன்றுதான்.

படி 3: வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்

முகப்பில் ‘உலகத்தரம் வாய்ந்த ஆடைத் தீர்வுகள்’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். அப்படி யாரும் தேடுவதில்லை. கீவேர்டு பட்டியலுக்காகக் காசு கொடுத்து டூல் வாங்கவும் வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப்பில் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

1. கடந்த மூன்று மாத விசாரணைகளை எடுங்கள். ஒவ்வொருவரும் அனுப்பிய முதல் செய்தியை அப்படியே ஒரு ஷீட்டில் ஒட்டுங்கள். திருத்தாதீர்கள். ‘50 பீஸ் பண்ணித் தருவீங்களா?’, ‘180 ஜிஎஸ்எம் என்ன ரேட்?’, ‘சிம்போசியத்துக்கு அடுத்த வாரம் வேணும்’, ‘துவைச்சா பிரிண்ட் போயிடுமா?’ இப்படித்தான் இருக்கும். போன் எடுப்பவரிடமும் கேளுங்கள். நிறுவனரை விட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

2. ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாகச் சேருங்கள். குறைந்தபட்ச ஆர்டர், துணி, அச்சு முறை, விலை, நாள் கணக்கு என்று குவியல்கள் பிரியும்.

3. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு தேடலை கூகுளில் இன்காக்னிட்டோ ஜன்னலில் தட்டுங்கள். பாதி தட்டும்போதே கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை மற்றவர்கள் உண்மையில் தேடுபவை.

4. முதல் பக்கத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அமேசான், இந்தியாமார்ட் போன்ற பெரிய சந்தைகளே அடைத்துக்கொண்டு நிற்கும் தேடலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்களைப் போன்ற சிறு நிறுவனம் ஒன்றாவது அங்கே தெரிந்தால் நுழைய இடமிருக்கிறது.

‘டி-ஷர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு வர வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். அதைத் தேடுபவர் பள்ளிப் பையனாக இருக்கலாம், பண்டிகைத் தள்ளுபடி பார்ப்பவராக இருக்கலாம். ‘கல்லூரிக்கு 50 டி-ஷர்ட் பிரிண்டிங் திருப்பூர்’ என்று தட்டுகிறவர்கள் சிலர்தான். ஆனால் அவர்கள் கையில் அட்வான்ஸோடு இருக்கிறார்கள்.

மொழி: நம் வாடிக்கையாளர் தமிழில் பேசுவார், ஆங்கில எழுத்தில் தட்டுவார். மொத்த ஆர்டர் தரும் நிறுவனங்கள் ஆங்கிலத்தில்தான் தேடும். எனவே முதலில் ஆங்கிலப் பக்கங்களைச் சரி செய்யுங்கள். தமிழ்த் தேடல்கள் வருவது சர்ச் கன்சோலில் தெரிந்தால் தமிழ்ப் பக்கத்தைத் தனி முகவரியில் எழுதுங்கள். ஒரே முகவரியில் பட்டனை அழுத்தினால் மொழி மாறும் ஏற்பாட்டை கூகுள் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் போகலாம்.

கீவேர்டு மெட்டா டேக் என்று ஒன்றை நிரப்பிக் கொடுத்து யாராவது காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

படி 4: ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதுவது

ஒரு குவியலுக்கு ஒரு பக்கம். ‘எங்கள் தயாரிப்புகள்’ என்ற ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள்.

நம் திருப்பூர் நிறுவனத்தின் பழைய பக்கத்தைப் பார்ப்போம். டைட்டிலில் ‘ஹோம்’ என்று இருக்கிறது. உள்ளே டிசைனர் செய்த அழகான போஸ்டர். விலை, துணி, போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள். கூகுளுக்கு அது கிட்டத்தட்ட வெற்றுப் பக்கம். பார்வையற்றவர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கும் அப்படியே.

1. டைட்டில்: ‘கல்லூரி டி-ஷர்ட் பிரிண்டிங், 50 பீஸ் முதல், திருப்பூர்’ என்று வைத்து, நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் போடுங்கள். நீண்டால் தேடல் முடிவில் வெட்டுப்படும். முக்கியமான சொல் முன்னால் வரட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் வேறு வேறாக இருக்க வேண்டும்.

2. முதல் பத்தி: கேட்டதற்கு நேரடியாகப் பதில். ‘50 பீஸிலிருந்து ஆர்டர் எடுக்கிறோம். 180 ஜிஎஸ்எம் பயோ வாஷ் காட்டன். டிசைன் உறுதியான நாளிலிருந்து எட்டு வேலை நாளில் அனுப்புவோம்.’ நிறுவனத்தின் வரலாறு, தரக் கொள்கை எல்லாம் வேறு பக்கத்துக்குப் போகட்டும்.

3. நடுப்பகுதி: உங்களுக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தின் உயிர் இங்கேதான். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் போட வேண்டும்; அந்தச் செலவு 50 பீஸுக்கும் 500 பீஸுக்கும் ஒன்றுதான், அதனால் சின்ன ஆர்டரில் பீஸ் விலை ஏறும். டிடிஎஃப் முறையில் எத்தனை நிறமானாலும், போட்டோவே ஆனாலும், ஃபிலிமில் அச்சிட்டு ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிவிடலாம். ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய டிசைன் என்றால் அந்த இடம் காற்றுப் போகாமல் விறைப்பாக இருக்கும். எம்பிராய்டரி காலர் டி-ஷர்ட்டுக்கு எடுப்பாக இருக்கும். பொடி எழுத்து தைத்தால் கலங்கிவிடும், மெல்லிய துணி சுருங்கும். ஆர்டர் கொடுக்கும் மாணவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள், உங்கள் சொந்த பீஸ்களின் போட்டோவோடு.

4. விலை: குறைந்தது வரம்பையாவது போடுங்கள். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம் வீண். அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பவர் வாடிக்கையாளர்தான்.

5. மெட்டா டிஸ்கிரிப்ஷன்: இரண்டு வரி. வரிசையில் உங்களை ஏற்றாது, ஆனால் முடிவுப் பக்கத்தில் பார்ப்பவரைக் கிளிக் செய்ய வைக்கும். கூகுள் சில சமயம் இதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துப் போடும். அதற்காக வருந்த வேண்டாம்.

6. படங்கள்: போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், அளவைச் சுருக்குங்கள். ஆல்ட் பகுதியில் படத்தில் இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘கருநீல ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் இரண்டு நிற ஸ்கிரீன் பிரிண்ட்’. அங்கே கீவேர்டுகளை அடுக்கக் கூடாது.

7. பக்க முகவரி: சின்ன எழுத்தில், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போட்டு, சுருக்கமாக. ஒரு முறை வைத்தால் மாற்றாதீர்கள்.

8. முகப்பிலிருந்தும் தொடர்புள்ள மற்ற பக்கங்களிலிருந்தும் இதற்கு லிங்க் கொடுங்கள். ‘இங்கே கிளிக் செய்க’ என்பதற்குப் பதில் ‘கல்லூரி டி-ஷர்ட் விலை’ என்ற சொற்களிலேயே லிங்க் இருக்கட்டும்.

இரண்டு குறுக்குவழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கோவை, சேலம், மதுரை என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பதாக நகலெடுப்பது ஒன்று. ஏஐ-யிடம் சொல்லி நூறு கட்டுரை அள்ளிக் கொட்டுவது மற்றொன்று. இரண்டுமே கூகுளின் ஸ்பேம் விதிகளில் வருகின்றன. யார் எழுதினாலும் சரி, தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைக் குறிவைத்து 2024 மார்ச்சில் விதியை இறுக்கினார்கள். எழுத்துப் பிழை திருத்த ஏஐ-யைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஸ்கிரீனுக்கும் டிடிஎஃபுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிரிண்டிங் மாஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

படி 5: மேப்பில் இடம் பிடிப்பது

வாடிக்கையாளர் உங்கள் இடத்துக்கு வந்தாலோ, நீங்கள் அவர் இடத்துக்குப் போனாலோ கூகுள் பிசினஸ் புரொஃபைல் தொடங்கலாம். இதுவும் இலவசம். முழுக்க ஆன்லைனில் மட்டும் விற்கும் நிறுவனம் இதற்குத் தகுதியில்லை. அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

1. போர்டில் இருக்கும் பெயரையே போடுங்கள். பெயரோடு ‘திருப்பூர் பெஸ்ட் பிரைஸ் டி-ஷர்ட்’ என்று வால் ஒட்டினால் புரொஃபைல் முடக்கப்படலாம்.

2. முதன்மை வகையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுங்கள். நேரம், போன், முகவரி எல்லாம் வெப்சைட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

3. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்கலாம். தெரு, போர்டு, உள்ளே மெஷின், நீங்கள் பூட்டைத் திறப்பது எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும். பகலில் எடுங்கள்.

4. டெலிவரி முடிந்ததும் எல்லா வாடிக்கையாளரிடமும் ரிவியூ கேளுங்கள். தள்ளுபடி தருவதாகச் சொல்லிக் கேட்பதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிக்கு எதிரானவை. மோசமான ரிவியூவுக்குப் பதில் எழுதும்போது படிக்கப்போவது அடுத்த வாடிக்கையாளர் என்பதை நினைத்து எழுதுங்கள்.

எச்சரிக்கை: ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் இன்றோடு நின்றுவிடும்’ என்று போன் வரும். பணம் கேட்பார்கள் அல்லது வெரிஃபிகேஷன் கோடு கேட்பார்கள். கோடு கொடுத்தால் புரொஃபைல் அவர்கள் கைக்குப் போகும். எதுவும் சொல்லாமல் வையுங்கள்.

படி 6: லிங்க்

பிறர் சைட்டிலிருந்து உங்களுக்கு வரும் லிங்க்குக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் ‘ஆயிரம் பேக்லிங்க் ஐயாயிரம் ரூபாய்’ வியாபாரம் நடக்கிறது. வாங்காதீர்கள். காசு கொடுத்த லிங்க்கை கூகுள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காது. மீறினால் தண்டனையும் உண்டு.

நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கத்தின் பட்டியல், துணி சப்ளையரின் ‘எங்கள் வாடிக்கையாளர்கள்’ பக்கம், உங்களைப் பற்றி எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பதிப்பு போன்றவை போதும். பத்திரிகையில் பெயர் வந்து லிங்க் இல்லாமல் இருந்தால், சேர்க்கச் சொல்லி மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்.

படி 7: வேகம்

போனில், வைஃபை இல்லாமல், உங்கள் சைட்டைத் திறந்து பாருங்கள். கூகுள் இப்போது மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் கணக்கு வரும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது. சின்ன சைட்டுகள் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பெருத்த படங்களும் தேவையில்லாத பிளக்இன்களும்தான் காரணம். அவற்றைக் குறைத்தால் போதும். நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்குவதற்காக நாளை வீணாக்காதீர்கள்.

சைட்டைப் புதுப்பிக்கும்போது

இத்தனை நாள் சேர்த்ததை ஒரே இரவில் இழக்கும் இடம் இது. புது டிசைனில் பக்க முகவரிகள் மாறும். பழைய முகவரிக்கு வருபவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழைதான் தெரியும்.

1. மாற்றுவதற்கு முன் முழு பேக்கப்.
2. பழைய முகவரிகளை ஷீட்டில் ஒரு பத்தியிலும், ஒவ்வொன்றுக்கும் ஈடான புது முகவரியை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள்.
3. ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறித்தனம், பலனும் இல்லை.
4. ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள்.
5. புது சைட் வந்த அன்றே படி 2-ஐ மறுபடி செய்யுங்கள்.

ஏஜென்சி வைப்பதானால்

முதலிடம் நிச்சயம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. கூகுளில் விளம்பரம் செய்தால் இலவச வரிசையிலும் ஏறுவீர்கள் என்பதும் பொய். எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றுவார்கள், லிங்க் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். நேர்மையானவர், பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றுதான் சொல்வார்.

மாதம் ஒரு முறை

தினமும் கூகுளில் உங்களை நீங்களே தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். இடத்தையும் பழைய தேடல்களையும் பொறுத்து முடிவு மாறும். அதற்குப் பதில் மாதம் ஒரு நாள் சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறங்கள்.

1. பலமுறை காட்டப்பட்டும் கிளிக் குறைவாக உள்ள தேடல்கள்: மேலே வந்தும் கிளிக் இல்லையென்றால் டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் மாற்றுங்கள்.

2. சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ளவை: அந்தப் பக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். விட்டுப்போன கேள்விக்குப் பதில், புது போட்டோ, உள்லிங்க். புதிதாக ஒரு பக்கம் எழுதுவதை விட இதில் பலன் சீக்கிரம் தெரியும்.

3. நீங்கள் எழுதாத தேடல்கள்: ‘மாரத்தான் டி-ஷர்ட்’ என்று பலர் தேடி உங்கள் கல்லூரிப் பக்கத்துக்கு வந்தால், அதற்கொரு தனிப் பக்கம் எழுதும் நேரம் வந்துவிட்டது.

திடீரென்று கிளிக் விழுந்தால் பதறிப்போய்ப் பக்கங்களை மாற்றாதீர்கள். மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இஷ்யூஸ் இரண்டிலும் ஏதாவது செய்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் எந்தப் பக்கம், எந்தத் தேடல் விழுந்தது என்று பிரித்துப் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கிறது. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மே மாதத்தில் கல்லூரி டி-ஷர்ட் தேடல் குறைந்திருந்தால், கல்லூரிகள் விடுமுறையில் இருக்கின்றன என்பதுதான் காரணமாக இருக்கும்.